28 மி.மீ. சிப்பாயும் 1/72 காளையும் ஒரே மேசையில் நிற்குமா?

ஓடாநிலைக்காரன், ஈரோடு

வணக்கம். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஓடாநிலைச் சண்டையை மேசையில் வைத்து விளையாடுகிற மாதிரி செய்துகொண்டிருக்கிறோம். தீரன் சின்னமலை கம்பெனிப் படையோடு மோதியதாகச் சொல்லும் மூன்று இடங்களில் (1801 காவிரிக்கரை, 1802 ஓடாநிலை, 1804 அறச்சலூர்) நடுவில் உள்ளதை முதலில் எடுத்தோம், கோட்டை, பீரங்கி, குதிரை, ஊர் எல்லாமே அதில் வைக்கலாம் என்பதால். விதிகள் ஓரளவு தயார். சிக்கல் முழுக்க பொம்மைகளில்தான்.

கையில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தயாரிப்பாளரின் 28 மி.மீ. உலோகச் சிப்பாய்கள், சிவப்புக் கோட்டு, முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும் கால்சட்டை, சென்னை ராணுவத்துச் சிப்பாய் அச்சு அசல். இன்னொரு தயாரிப்பாளரின் பிளாஸ்டிக் வெள்ளைக்காரப் படை, பெட்டியில் அதுவும் 28 மி.மீ. என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் உலோக ஆட்களுக்குப் பக்கத்தில் வைத்தால் தலை பூசணிக்காய் கணக்காக இருக்கிறது. 1/72 பெட்டியில் வந்த வண்டி மாடுகள் ஒரு கூட்டம். 1/48இல் 6 பவுண்டர் பீரங்கி (ஆறு பவுண்டு எடைக் குண்டு போடுவது) ஒன்று, நண்பர் கொடுத்தது. சின்னமலையின் ஆட்களுக்கு, தலைப்பாகை, வேட்டி, வாள், வேல், துப்பாக்கி என்று ரெசினில் பிரிண்ட் செய்யும் ஃபைல் ஒன்று வாங்கியிருக்கிறேன், அது 32 மி.மீ.

இதில் எதை எதோடு சேர்க்கலாம்? 28 மி.மீ. என்றால் 1/56ஆ, 1/64ஆ? தேடினால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், 1/48 என்று அடித்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். வீடு, கோட்டைச் சுவர், வேலி எல்லாம் இனிமேல்தான் செய்ய வேண்டும், அதனால் இப்போதே ஒரு எண்ணில் நின்றுவிட்டால் நல்லது.

காங்கேயத்தம்மணி

தம்பி, முதலில் அந்த 28ஐ ஸ்கேல் என்று நினைப்பதை விட்டுவிடுங்கள். 1/72, 1/56 என்பது விகிதம், எதை வைத்தாலும் அதால் வகுத்துக்கொள்ளலாம், ஆள், மாடு, கதவு எல்லாம். 28 மி.மீ. என்பது ஒரு பொம்மையின் உயரம் மட்டும்தான். யாருடைய உயரம், எதுவரைக்கும் அளந்த உயரம் என்று அதில் இல்லை. பாதத்திலிருந்து கண் வரைக்கும் அளப்பவர்கள் உண்டு, உச்சந்தலை வரைக்கும் அளப்பவர்கள் உண்டு. 5 அடி 8 அங்குல ஆள் என்று வையுங்கள், 173 செ.மீ. உச்சி வரைக்கும் 28 என்றால் 1/62 பக்கம் வரும். கண் வரைக்கும் 28 என்றால் 1/57க்கும் 1/58க்கும் நடுவில். ஆளையே 5 அடி 4 அங்குலம் என்று எடுத்தால் அது வேறு கணக்கு. இப்படித்தான் ஆளுக்கொரு எண் வருகிறது, அவரவர் கணக்கில் அவரவர் சொல்வது சரிதான்.

அதோடு வருஷா வருஷம் பொம்மைகள் வளர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. 1970களில் எல்லோரும் 25 மி.மீ. என்றுதான் வாங்கினார்கள், அது மெல்ல 28 ஆகி, இப்போது 32 வரைக்கும் வந்து நிற்கிறது. பக்கத்தில் நிற்கும் பொம்மையைவிடக் கொஞ்சம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒரு சுற்று பெரிதாகச் செய்ததன் விளைவு.

பத்திருபது வருஷமாக வண்ணம் அடித்துக் கொடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், உயரத்தைப் பார்க்காதீர்கள். உயரம் வித்தியாசப்பட்டால் கண்ணுக்கு உறுத்தாது, ஊரில் குட்டையும் நெட்டையும் சேர்ந்துதானே நடக்கிறது. உறுத்துவது தலை, கை, துப்பாக்கி. இந்த மூன்றும் எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு, துப்பாக்கி என்றால் எல்லோருக்கும் ஒரே அளவேதான். அதனால் வெர்னியர் அளவுகோலை எடுத்துத் துப்பாக்கியை அளந்து பாருங்கள். கம்பெனிப் படை வைத்திருந்தது இந்தியா பேட்டர்ன் மஸ்கட், குழல் மட்டும் 39 அங்குலம், கட்டை முனையிலிருந்து குழல் வாய் வரைக்கும் ஏறத்தாழ 140 செ.மீ. பயனெட்டைச் சேர்க்காமல் அளக்க வேண்டும். 25 மி.மீ. வந்தால் உங்கள் பொம்மை 1/56, 22 வந்தால் 1/64, 19 சொச்சம் வந்தால் 1/72, 29 வந்தால் 1/48. அப்புறம் முகவாயிலிருந்து உச்சி வரைக்கும் தலையை அளங்கள். நிஜ ஆளுக்கு 22, 23 செ.மீ., 1/56இல் 4 மி.மீ. பக்கம். 5 மி.மீ. தாண்டினால் அது ஹீரோயிக் ரகம், தூரத்திலிருந்து முகம் தெரிய வேண்டும் என்று வேண்டுமென்றே தலையையும் கையையும் பெரிதாக்கியது. நிஜ ஆள் ஏழரைத் தலை உயரம், ஹீரோயிக் ஆள் ஐந்தரை, ஆறு தலைதான் வரும். இரண்டு ரகத்தையும் ஒரே பேஸில் (பொம்மையை ஒட்டி நிறுத்தும் அடித்தட்டு) நிறுத்தாதீர்கள், இரண்டு தனிப் பட்டாளமாக மேசையின் இரண்டு பக்கம் நிறுத்துங்கள், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

முப்பத்தைந்தான், கோவை

அம்மணி அக்கா சொன்னதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விகிதத்தை விட்டுவிட்டுக் கண்ணளவில் போனால் அதற்கு முடிவே கிடையாது. மாடல் கட்டும் நாங்கள் 1/35, 1/48, 1/72 என்று நிற்பதால்தான் ஜப்பான் டாங்கியோடு இத்தாலிக்காரன் செய்த சிப்பாயை யோசிக்காமல் வைக்க முடிகிறது. இத்தனைக்கும் அந்த 1/35 யாரும் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்த எண் இல்லை, 1960களின் தொடக்கத்தில் ஜப்பான் மாடல் கம்பெனி டாமியா தன் பாந்தர் டாங்கியை மோட்டார் வைத்து ஓடவிட்டபோது உள்ளே பேட்டரி அடங்கும் அளவுக்கு உடம்பைச் செய்தார்கள், பிறகு அளந்து பார்த்தால் 1/35 பக்கம் இருந்தது. ஆனால் ஒரு முறை எண் நின்றதும் உலகமே அதில் நின்றது, அதுதான் எனக்கு முக்கியம்.

என் ஆலோசனை: எல்லாவற்றையும் 1/72க்கு மாற்றிவிடுங்கள். மாடு ஏற்கெனவே இருக்கிறது. குதிரை, வண்டி, யானை எல்லாம் அந்த அளவில் மலிவாகக் கிடைக்கும். 28இல் ஒரு சின்னப் படைக்கு ஆகும் செலவில் 1/72இல் பெரிய படையே கட்டலாம். விகிதம் தெரிந்துவிட்டால் வீட்டையும் கோட்டையையும் வகுத்துக்கொண்டே போகலாம், சந்தேகமே வராது.

ஓடாநிலைக்காரன், ஈரோடு

கோவை அண்ணாவுக்கு நன்றி. ஆனால் உலோகச் சிப்பாய்கள் பாதிப் பேருக்கு வண்ணம் அடித்தாகிவிட்டது. தவிர, அந்தக் கால்சட்டைச் சிப்பாய் 1/72இல் நான் தேடிய அளவில் கிடைக்கவில்லை. படையில் பெரும்பாலானவர்கள் அவர்கள்தான், அவர்களை வெள்ளைக்கார உருவத்தில் நிறுத்துவதற்கு மனசு வரவில்லை. எதிரில் நின்ற ஆட்களும் நம் தென்னாட்டு ஆட்கள்தான் என்பது மேசையைப் பார்த்ததும் தெரிய வேண்டும்.

அக்கா சொன்னபடி அளந்தேன். உலோக ஆளின் துப்பாக்கி 25 மி.மீ., தலை நாலேகால். பிளாஸ்டிக் ஆளின் துப்பாக்கி 27, தலை ஐந்தரை. ஆக உலோகம்தான் கிட்டத்தட்ட சரியான 1/56.

காங்கேயத்தம்மணி

பார்த்தீர்களா. அப்போது 1/56இல் நில்லுங்கள், உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் கையிலேயே இருந்திருக்கிறது. பிளாஸ்டிக் ஆட்களைத் தனி ரெஜிமென்டாக, தனிப் பேஸில், உலோகக்காரர்களிடமிருந்து தள்ளி நிறுத்துங்கள்.

மாடு விஷயத்துக்கு வருகிறேன், அது எனக்கு ரொம்ப வேண்டிய விஷயம். எங்கள் கட்டுத்தரையில் நிற்கிற காங்கேயம் காளைக்குத் திமில் என் நெஞ்சுக்கு மேலே வரும். 1/56இல் அப்படி வர வேண்டுமானால் திமில் வரைக்கும் 23லிருந்து 25 மி.மீ. இருக்க வேண்டும். 1/72 காளை 19 சொச்சம்தான் இருக்கும், 1/56 ஆள் பக்கத்தில் அது 109 செ.மீ. மாடாகத் தெரியும், அதாவது இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. மாடு தெரிந்தவன் பார்த்தால் கன்று என்பான். ஆனால் வீணில்லை. அந்தியூர் மலைப்பக்கத்து பர்கூர் மாடு மாதிரி செம்பழுப்பில் வெள்ளைத் திட்டு வைத்து அடித்து, ஊருக்குள் மேய்கிற கிடேரியாகவும் கன்றாகவும் ஓரமாக விட்டுவிடலாம். பீரங்கி இழுக்கிற மாடாக மட்டும் வைக்காதீர்கள். தெற்கே கம்பெனிப் பீரங்கியை இழுத்தது மாடுதான், அதிலும் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் அமிர்த மகால் மாட்டுக் கூட்டமே கம்பெனி கைக்கு வந்தது, நல்ல நெட்டைக்கால் ரகம். ஆளுக்கு இடுப்பளவில் நிற்கிற மாடு பீரங்கியை இழுத்தால் அந்தக் காட்சியே பொய்யாகிவிடும். அந்த நுகத்தடி மாடுகளை மட்டும் 1/56இல் புதிதாகப் பிரிண்ட் போடுங்கள்.

பேட்டர்ன் கடை, கணபதி

பிரிண்ட் பற்றி யாரும் தொடவில்லை என்பதால் வருகிறேன். நான் ஃபவுண்டரிக்கு மரப் பேட்டர்ன் (வார்ப்பு அச்சு எடுக்க உதவும் மர மாதிரி) செய்கிற ஆள், பையன் ரெசின் பிரிண்டர் வைத்திருக்கிறான், அதனால் இரண்டும் தெரியும்.

32ஐ 28 ஆக்க 87.5 சதவீதம் என்று எல்லோரும் சொல்வார்கள், வகுத்தால் அதுதான் வரும். ஆனால் ஃபைலின் பெயரில் இருக்கும் 32ஐ நம்பி வகுக்கக் கூடாது, அது கண் வரைக்கும் அளந்த 32ஆ, தலைப்பாகையோடு சேர்த்த 32ஆ என்று செய்தவருக்குத்தான் தெரியும். ஸ்லைசரில் (ஃபைலைப் பிரிண்டருக்குத் தயார் செய்யும் மென்பொருள்) ஃபைலைத் திறந்து, துப்பாக்கிக்காரன் ஒருவனின் துப்பாக்கியை மட்டும் அளவுக் கருவியால் அளந்து பாருங்கள், அது 25 ஆவதற்கு எத்தனை சதவீதமோ அதைப் போடுங்கள். மற்ற ஆட்கள் எல்லோருக்கும் அதே சதவீதம், குட்டையானவனை இழுத்து நெட்டையாக்க வேண்டாம்.

குறைக்கும்போது இரண்டு சங்கதி கவனிக்க வேண்டும். ஒன்று, மெலிவு. 32இல் 0.8 மி.மீ. தடிமனாக இருக்கும் வேல் கம்பு 87.5 சதவீதத்தில் 0.7 ஆகும், கழுவும்போதே ஒடியும். குறைப்பதற்கு முன்னாலேயே பிளெண்டர் என்கிற 3டி மென்பொருளில் வேலையும் வாளையும் குறுக்குவாட்டில் மட்டும் தடிப்பாக்கிக்கொள்ளுங்கள், நீளத்தைத் தொடாதீர்கள். இன்னும் நிச்சயமாக வேண்டுமானால் வேலைக் கழற்றிவிட்டு மெல்லிய ஸ்டீல் கம்பி வைப்பதே மேல், விளையாடும் கை படுகிற பொம்மை அது. இரண்டாவது, தலை. ஹீரோயிக் ஆளைக் குறைத்தால் குறைந்த ஹீரோயிக் ஆள்தான் வருவான், விகிதம் மாறாது. 32இல் 5.6 இருந்த தலை 4.9 ஆகும், உங்கள் உலோகக்காரன் 4.25. ஃபைலில் தலை தனித் துண்டாக இருந்தால் தலையை மட்டும் இன்னும் பத்து சதவீதம் இறக்குங்கள், கழுத்தை ஒட்டும் இடத்தைச் சரிபார்த்துக்கொண்டு. நம் ஆட்களுக்குத் தலைப்பாகை இருப்பது ஒரு வசதி, உச்சி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, முகம் மட்டும் சரியாக இருந்தால் போதும்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. நீளம் 87.5 சதவீதம் ஆனால் கனஅளவு மூன்று முறை பெருக்கி 67 சதவீதம்தான், அதாவது ரெசினில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பெரிய கூட்டம் பிரிண்ட் போடுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சுருக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் ஒரு சதவீதம் சுருங்கும், அடிக்கு எட்டில் ஒரு அங்குலம், அதனால்தான் எங்களிடம் கான்ட்ராக்ஷன் ஸ்கேல் என்று தனியே ஒரு அளவுகோல் இருக்கும், அதில் ஒரு அடி என்பது நிஜ அடியைவிடக் கொஞ்சம் நீளம். உலோகப் பொம்மைக்கும் அச்சு ரப்பர் சுருங்கும், உலோகமும் சுருங்கும். ரெசினும் கெட்டியாகும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால் முழுக் கூட்டத்தையும் ஓட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு ஆளை பிரிண்ட் போட்டு, கழுவி, யுவி வெளிச்சத்தில் கெட்டியாக்கி, பிறகு அளந்து பாருங்கள். ஸ்கிரீனில் அளந்தது ஒன்று, கையில் அளந்தது ஒன்று.

முப்பத்தைந்தான், கோவை

பீரங்கி பற்றி ஒன்று. 1/48 என்று ஒதுக்கிவிட வேண்டாம், உபயோகப்படும். 6 பவுண்டரின் வாய் 3.67 அங்குலம். 1/48இல் செய்த அந்தக் குழலை 1/56 ஆளுக்குப் பக்கத்தில் வைத்தால் 4.28 அங்குல வாயாகத் தெரியும், 9 பவுண்டரின் வாய் 4.2. ஆக 1/48இல் ஒரு 6 பவுண்டர் 1/56இல் ஏறக்குறைய ஒரு 9 பவுண்டர். குழலை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம்தான் மாற வேண்டும், ஏனென்றால் அந்தக் காலத்து பிரிட்டிஷ் களப் பீரங்கியின் சக்கரம் ஏறத்தாழ 5 அடி, எந்தக் குழலானாலும். 1/48 சக்கரம் 32 மி.மீ. நிற்கும், உங்கள் ஆள் உச்சி வரைக்கும் 31தான், சக்கரம் ஆளை மறைத்துவிடும். 27 மி.மீ. சக்கரம் இரண்டு பிரிண்ட் போட்டு மாட்டினால் முடிந்தது.

இதையும் விகிதம் வைத்துத்தான் கண்டுபிடித்தேன் என்பதைக் கவனிக்கவும்.

மேட்டுப்பாளையம் மீட்டர்கேஜ்

நான் ரயில் மாடல் ஆள், சண்டைப் பக்கம் வருவதில்லை, ஆனால் இந்த விவாதம் எங்களுக்குப் பழக்கமானது. எங்களிடம் எச்.ஓ. 1/87, ஓ.ஓ. 1/76, இரண்டும் ஓடுவது 16.5 மி.மீ. தண்டவாளத்தில். பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிடச் சின்னவை, அந்தக் காலத்து மோட்டார் 1/87 உடம்புக்குள் நுழையவில்லை என்று உடம்பை மட்டும் பெரிதாக்கி, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். கணக்குப் போட்டால் ஓ.ஓ. ரயில் 4 அடி ஒன்றரை அங்குலப் பாதையில் ஓடுகிறது, நிஜம் 4 அடி எட்டரை அங்குலம். இது தெரிந்தேதான் அத்தனை பேரும் ஓட்டுகிறார்கள். 1959இல் பிரிட்டிஷ் மாடல் கம்பெனி ஏர்ஃபிக்ஸ் சின்னப் பிளாஸ்டிக் சிப்பாய்களைக் கொண்டுவந்தபோது பெட்டியில் எச்.ஓ., ஓ.ஓ. என்று இரண்டு பெயரையும் சேர்த்தே போட்டு விற்றார்கள். என் வேலை ஊட்டி மலை ரயில், நிஜத்தில் 1000 மி.மீ. பாதை, எச்.ஓ. கணக்கில் 11.5 வர வேண்டும், 12 மி.மீ. தண்டவாளம்தான் கடையில் கிடைக்கும், அரை மி.மீ. வித்தியாசத்தோடு வாழ்கிறேன்.

கோவை அண்ணாவுக்கு ஒரு கேள்வி. விகிதத்தில்தான் நிற்பேன் என்றால் தரையையும் அதே விகிதத்தில் போட வேண்டுமே? மஸ்கட் நம்பிச் சுடும் தூரம் சுமார் 100 கெஜம், 91 மீட்டர். 1/56இல் அது 163 செ.மீ. இவர்கள் விளையாடும் மேசை ஆறுக்கு நாலு அடி என்றால் குறுக்கே 122 செ.மீ.தான். மேசையின் இந்த ஓரத்தில் நிற்பவன் அந்த ஓரம் தாண்டிச் சுடுவான், விளையாட்டே நடக்காது. அதனால் தரைக்கு ஒரு விகிதம், ஆளுக்கு ஒரு விகிதம் என்று எல்லா மேசை விளையாட்டிலும் இருக்கிறது, ஒரு பொம்மை இருபது, முப்பது பேருக்குச் சமம் என்று எண்ணுகிறார்கள். மரமும் அப்படித்தான். அறுபது அடிப் பனை 1/56இல் 33 செ.மீ. வரும். நான்கைந்து பனை அந்த உயரத்தில் வைத்தால் கை உள்ளே போகாது. 18, 20 செ.மீ. போதும், கண் ஏற்றுக்கொள்ளும். கிளுவை வேலிக்கு மட்டும் ஆளின் நெஞ்சளவு கட்டாயம் வையுங்கள், அது ஆள் ஒளிந்து நிற்கிற இடம், ஆளோடு ஒப்பிட்டுத்தான் கண் பார்க்கும்.

முப்பத்தைந்தான், கோவை

தரை விகிதத்தை ஒத்துக்கொள்கிறேன், விளையாட்டுக்கு வேறு வழியில்லை. காட்சிக்கு வைக்கிற டயோரமாவில் (அசையாத சிற்றுருக் காட்சி) ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கேயும் ஒரே ஒரு விலக்கு, பின்னால் அறச்சலூர் மலை மேல் நிற்கிற ஆட்களை 1/72இல் வைத்தால் தூரத்தில் நிற்பது போலத் தெரியும், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கிற பெட்டிக்கு அது அருமையாக வரும். நாலு பக்கமும் சுற்றி நிற்கிற மேசையில் எடுபடாது.

ஓடாநிலைக்காரன், ஈரோடு

எல்லோருக்கும் நன்றி. 1/56இல் நின்றுவிட்டோம். ஒரு துப்பாக்கிக்காரனை பிரிண்ட் போட்டுப் பார்த்தோம், அந்த ஃபைலுக்கு 87.5 பொருந்தவில்லை, 84 சதவீதத்தில்தான் துப்பாக்கி 25 ஆனது, தலையைத் தனியே இன்னும் பத்து சதவீதம் இறக்கியதும் உலோகக்காரன் பக்கத்தில் பங்காளி மாதிரி நிற்கிறான்.

கடைசியாக ஒன்று. வில்லை ஓட்டு வீடு செய்ய ஆரம்பித்திருக்கிறோம், திண்ணை, ஆசாரத்தோடு (கூடம்). பழைய வீட்டு நிலவு (வாசல் நிலை) குனிந்து போகிற உயரம்தான், ஐந்தரை அடி. வகுத்தால் 30 மி.மீ. வருகிறது. ஆனால் ஆளைப் பேஸோடு வாசலில் நிறுத்தினால் நிலவு நெற்றிக்கு நேரே நிற்கிறது, தலைப்பாகையோ மேலே போய்விட்டது. குனிந்து போகிற வீடு என்று விட்டுவிடலாமா?

காங்கேயத்தம்மணி

விடாதீர்கள். பேஸ் இரண்டரை மி.மீ. ஆளைத் தூக்கிவிடுகிறது, அதை வாசலுக்கும் கொடுத்தாக வேண்டும். நிலவை 34 வையுங்கள், அகலத்தைப் பேஸ் நுழைகிற அளவுக்கு, 25 மி.மீ. வட்டம் என்றால் 27 வையுங்கள். திண்ணையையும் அதே இரண்டரை மி.மீ. கூட்டி வைத்தால் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் திண்ணை முழங்காலில் நிற்காமல் தொடைக்கு வரும். தூண், கூரை, வில்லை ஓட்டின் அகலம் இவற்றை 1/56இலேயே விட்டுவிடுங்கள், அங்கே ஆள் போய் நிற்கப் போவதில்லை.